கடைசிப் பத்தியை மேலே தூக்கிய அமைச்சர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பேருந்துக்குக் காத்திருந்தபோது கிடைத்தது.

நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு சுவரொட்டி. 'மக்களை மிகவும் ஏமாற்றிய' என்று தொடங்கி, நடுவில் ஒருவர் முகத்தைப் போட்டு, கீழே இடம் இருக்கும் வரை திட்டியிருந்தார்கள். அதன் முன்னால் ஒருவர் நின்று படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'மிகவும்' என்ற சொல்லை மட்டும் அடித்தார். ஓர் அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தி. பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: சுவரொட்டியில் இருந்த முகமும் அவர் முகமும் ஒன்று.

பக்கத்தில் நின்றவர்களிடம் விசாரித்தேன்.

"அவரு மந்திரிங்க," என்றார் குடை வைத்திருந்தவர்.

"மந்திரி எதுக்கு பஸ்ஸுல போறாரு? இவரு அந்த மந்திரியோட அண்ணன்," என்றார் குடை இல்லாதவர்.

"ரெண்டும் இல்ல. போஸ்டர் எழுதற ஆளே இவருதான். மூஞ்சி ஒரே சாயல்," என்றார் மூன்றாமவர்.

நான் முதல் பதிலை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது பதில்தான் உண்மை என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். கதை இடிந்து விழுந்துவிடும்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'பனி பெய்துகொண்டிருந்தது. அமைச்சர் தன் கம்பளிக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ரயில் நிலையத்தின் மங்கிய விளக்கின் கீழே, இனி ஒருபோதும் திரும்பாத ஒரு—'

இல்லை. இந்தக் கதை நடக்கும் ஊரில் பனி கிடையாது. எனக்கும் தெரியும். நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் உடனே வானம் அதைக் கேட்டுவிட்டு பனியைக் கொட்டும். கை பழகிவிட்டது.

இரண்டாவது தொடக்கம்: 'அவர் மிக நல்ல மனிதர்.' அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

மூன்றாவது: 'அவர் பிறந்தபோது—' பிறந்ததிலிருந்து ஆரம்பித்தால் அவர் அமைச்சராவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

நான்காவது தொடக்கம்தான் நிற்கிறது. அது இந்தக் கதையின் மூன்றாம் பகுதி. (முதல் இரண்டு பகுதிகளையும் படித்துவிட்டீர்கள். மன்னிக்கவும்.)

3

அவரைப் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் 'கத்திரி' என்றே கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அது ஒரு மாலைப் பத்திரிகை. கீழே அச்சு இயந்திரம், மேலே ஆசிரியர் குழு. குழு என்றால் ஒரு பெரிய மேசையும் அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேரும். இந்தப் பக்கம் கத்திரி, சிவப்பு மையுடன். அந்தப் பக்கம் துணையாசிரியர், பச்சை மையுடன். அந்த அம்மாள் எந்தச் செய்தியைப் படித்தாலும் ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதிவிடுவார். தீப்பிடித்தது என்றால் ஏன்? திருமணம் நின்றது என்றால் ஏன்? திருமணம் நடந்தது என்றாலும் ஏன்? அதனால் அவருக்கு 'ஏனம்மா' என்று பெயர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பிடிவாதம்.

[இந்த இடத்தில் மேசையைப் பற்றியும் அதன் மேல் மதிய வெயில் விழுந்ததைப் பற்றியும் அழகான ஒரு பத்தி இருந்தது. வேண்டாம் என்கிறார் கத்திரி.]

கத்திரியிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. ஒன்று: ஒரு சொல்லை எடுத்தாலும் வாக்கியம் நிற்கிறதென்றால், அந்தச் சொல்லை எடு. இரண்டு: யாரைக் குற்றம் சொன்னாலும் அவர் பதிலைக் கேட்டுச் சேர்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பு. மூன்று: வாசகர் எதைப் படித்தால் சாப்பாட்டை மறப்பாரோ, அது முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது சட்டத்துக்காக இவரும் ஏனம்மாவும் போடும் சண்டை கீழே இயந்திரம் ஓடும்போதுகூடக் கேட்கும்.

"கொல்லைப்புறத்துல வெச்சிருக்கீங்களே விஷயத்தை! வாசல்ல கொண்டு வந்து வையுங்க."

"வந்தவுடனே மூஞ்சில அடிக்கணுமா? கொஞ்சம் உக்காரச் சொல்லிட்டு சொன்னா என்ன?"

"உக்காந்தா தூங்கிடுவாங்க."

இந்தச் சண்டையில் பல வருடங்களாகக் கத்திரிதான் ஜெயித்தார். காரணம், அவர் ஆசிரியர். வேறு காரணம் கிடையாது.*

* ஏனம்மாவின் கருத்து. அவரிடம் பதில் கேட்காமல் எழுதக் கூடாதல்லவா.

4

சீர்திருத்தவாதி என்றால் பெரிதாக எதையாவது சீர்திருத்த வேண்டும் என்று நானும் நினைத்தேன். நிலம், நீதி, கல்வி இப்படி. ஆனால் கத்திரி சீர்திருத்த விரும்பியது பெஞ்சு.

அரசு அலுவலகங்களில் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் இருப்பவர் நிற்கிறார். ஏன் நிற்க வேண்டும்? ஒரு பெஞ்சு போட்டால் என்ன? இதுதான் அவர் கேள்வி. இதை அவர் எத்தனை தலையங்கங்களில் எழுதினார் என்பதற்குக் கணக்கில்லை. மழையைப் பற்றித் தலையங்கம் எழுத உட்கார்ந்தால்கூட கடைசி வரியில் பெஞ்சு வந்துவிடும். வாசகர்கள் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள்: இன்றைக்குப் பெஞ்சு எத்தனையாவது வரியில்?

இவ்வளவு எழுதியபிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஆள் ரொம்ப நல்லவராகத் தெரிகிறாரே? நாவல்களில் நல்லவர்களுக்கு ஒரு இருட்டான பக்கம் இருக்கும். அடகுக் கடை, ரகசியக் காதல், குதிரைப் பந்தயம். இவருக்கு என்ன வைப்பது என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறார். கண்ணாடி விற்பவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று எழுதத்தான் வந்தேன். எழுதவில்லை.

"இருட்டான பக்கமா? தாராளமா இருக்கு," என்றார். "வீட்ல என்னால ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியாது. 'ஏங்க, இன்னிக்கு சாயங்காலம் கடையை மூடிட்டு வர்றப்ப அந்தப் பக்கத்து வீட்டு'ன்னு ஆரம்பிப்பேன். 'சாயங்காலம் வேணாம், கடையை மூடறது சாயங்காலம்தானே'ம்பாரு. நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்துடும். பக்கத்து வீட்ல என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"என்ன நடந்தது?"

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

சரி. இதுவே போதுமான இருட்டு.

5

தேர்தலில் நிற்கும்படி அவரை யார் கேட்டார்கள் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. யாரோ கேட்டார்கள். 'எழுதிக்கிட்டே இருக்கீங்களே, வந்து செஞ்சு காட்டுங்க' என்று எரிச்சலில் யாராவது சொல்லியிருக்கலாம். ஏனம்மாவாகவே இருக்கலாம். ஏனென்றால் கத்திரி வேட்பாளரானதும் ஆசிரியர் நாற்காலிக்கு அவர்தான் வந்தார். வந்த அன்றே மேசையை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிரச்சாரம் இப்படி நடந்தது. கட்சிக்காரர்கள் நீளமான உரை எழுதிக் கொடுப்பார்கள். கத்திரி காரில் வரும்போதே அதை வெட்டத் தொடங்குவார். மேடை ஏறும்போது இவ்வளவுதான் மிஞ்சியிருக்கும்: "பெஞ்சு போடுவேன். வாக்களியுங்கள். வீட்டுக்குப் போங்கள்."

ஒரு கூட்டத்தில் கட்சிக்காரர்கள் கெஞ்சியதால் எதிர் வேட்பாளரைக் குறை சொல்ல ஒப்புக்கொண்டார். சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டாவது சட்டப்படி, "இதுகுறித்து அவரிடம் கேட்டபோது" என்று ஆரம்பித்து எதிர் வேட்பாளரின் பதிலையும் அதே மேடையில் வாசித்தார். பதில் நன்றாக இருந்தது. கூட்டம் கைதட்டியது. கட்சிக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் போய் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனாலும் அவர் ஜெயித்தார். மற்றவர்களின் கூட்டத்தில் மக்கள் வெயிலில் மணிக்கணக்காக நின்றார்கள். இவர் கூட்டத்துக்குப் போனவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்தார்கள்.

மந்திரி சபை அமைந்தபோது, அலுவலகச் சீரமைப்பு என்று யாரும் கேட்டு வாங்காத ஒரு துறை மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தார்கள். கத்திரி அழுதுவிட்டார். மகிழ்ச்சியில்தான். 

(அவர் அழுதபோது சன்னலுக்கு வெளியே பனி— இல்லை. வேண்டாம்.)

6

பெஞ்சுகள் வந்தன. நல்ல பெஞ்சுகள். முதுகுக்குச் சாய்மானம், கை வைக்கக் கட்டை, எல்லாம் இருந்தன. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு சன்னலுக்கு முன்னாலும் ஒன்று. மேலே ஒரு பலகை.

அந்தப் பலகையில்தான் இந்தக் கதையே இருக்கிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பலகையில் எழுத வேண்டிய வாசகத்தைத் துறையின் செயலர் தயாரித்துக் கொண்டுவந்தார். செயலர் பயந்த சுபாவம் உள்ளவர். கதவைத் தட்டிவிட்டு, தட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வருவார். அவர் கொண்டுவந்தது இது:

'தயவுசெய்து இங்கே அமருங்கள். உங்களை அழைப்போம். சிறிது நேரத்தில் அழைக்காவிட்டால், எழுந்து சன்னலுக்கு வந்து கேளுங்கள்.'

கத்திரியின் கை அரித்தது. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இங்கே எதுக்குங்க? பெஞ்சு இங்கேதானே இருக்கு."

"ஆமாங்கய்யா."

"உங்களை எதுக்கு? உக்காந்திருக்கறவரைத்தானே அழைப்போம். பக்கத்து ஊர்க்காரரையா அழைப்போம்?"

"இல்லீங்கய்யா."

"இந்தக் கடைசி வாக்கியம். அழைப்போம்னு சொல்லியாச்சு. அப்புறம் 'அழைக்காவிட்டால்'னு எதுக்கு? நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லையா?"

செயலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அமைச்சரின் முகத்தில் இருந்த ஒளியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பலகை இப்படி ஆனது:

'அமருங்கள். அழைப்போம்.'

எவ்வளவு அழகு! நான் ஒரு எழுத்தாளராகச் சொல்கிறேன், இதைவிடச் சிறப்பாக வெட்ட முடியாது.

7

கொஞ்ச நாளில் செயலர் நல்ல செய்தியோடு வந்தார்.

"ஐயா, எல்லா ஆபீஸ்லேருந்தும் ஒரே மாதிரி தகவல் வருது. சன்னல் முன்னாடி கூட்டமே இல்லையாம். நம்ம ஊழியர்கள் ஆச்சரியப்படறாங்க. நிமிர்ந்து பார்த்தா ஆளே இல்லையாம்."

"ஆளே இல்லையா?"

"ஒருத்தர்கூட இல்லையாம். சில பேரு சீக்கிரமா மூடிட்டு வீட்டுக்கே போயிடறாங்களாம்."

கத்திரி எழுந்து அறையில் நடந்தார். பெஞ்சு போட்டதும் மக்களின் பிரச்சினைகளே தீர்ந்துவிட்டன! உட்கார்ந்ததும் மனசு ஆறி, கேட்க வந்ததைக் கேட்காமலேயே சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்! அன்று சட்டசபையில் இதைச் சொன்னார். மேசையைத் தட்டினார்கள். நில அமைச்சர் மட்டும் தட்டவில்லை. அவருக்கும் கத்திரிக்கும் ஆகாது. முன்பு ஒரு காலத்தில் கத்திரி அவருடைய பேட்டியை நான்கு வரியாக வெட்டியிருந்தார்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு எழுதும்போதுதான் புரிந்தது. அந்தச் சன்னல்கள் நிற்பவர்களுக்காகக் கட்டியவை. சன்னலுக்குக் கீழே உள்ள சுவரே மார்பு உயரம். பெஞ்சில் உட்கார்ந்தால் தலை அதற்குக் கீழே போய்விடும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு யாரும் தெரியமாட்டார்கள். இந்தப் பக்கம் இருப்பவர்களோ பலகையைப் படித்துவிட்டு, அழைப்பார்கள் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரெல்லாம், அலுவலகமெல்லாம், மரியாதை தெரிந்த மக்கள் சாய்ந்து உட்கார்ந்து, மூடிய சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

8

ஒரு மதியம் பத்திரிகையிலிருந்து ஒரு தாள் வந்தது. ஏனம்மா அனுப்பியிருந்தார். அச்சாகப் போகும் செய்தி. அமைச்சரின் பதில் வேண்டும். கத்திரியின் இரண்டாவது சட்டம், கத்திரியைத் தேடியே வந்துவிட்டது.

அவர் சாப்பிட்டுக்கொண்டே படித்தார்.

முதல் பத்தியில் பெஞ்சு எந்த மரத்தில் செய்யப்பட்டது என்று இருந்தது. இரண்டாவது பத்தியில் அந்த மரத்தின் பொதுவான குணங்கள். மூன்றாவதில், 'சில இடங்களில் சிறு குறைபாடுகள் இருப்பதாகச் சிலர் கருதுவதாகத் தெரிகிறது.' கத்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். சிலர்! சில! சிறு!

கடைசிப் பத்திக்கு வந்தபோது சாப்பாட்டை மறந்தார்.

ஒரு கொத்தனார். வயதானவர். முழங்கால் மடங்காது. வீட்டு மனை கேட்டு நில அலுவலகத்தில் பெயர் கொடுக்க வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். அழைக்கவில்லை. மறுநாளும் வந்தார், உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். பெயர் கொடுப்பதற்கான கடைசி நாள் போய்விட்டது. நிருபர் கேட்டபோது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "பெஞ்சு நல்லா இருந்துச்சுங்க. சாயறதுக்கு வசதி. அழைப்போம்னு போட்டிருந்தாங்க, அதான் எந்திரிக்கல. எந்திரிச்சுப் போய்க் கேட்டா மரியாதை இல்லைன்னு நினைச்சுட்டாங்கன்னா?"

[இங்கே என்னுடைய கருத்து மூன்று வரி இருந்தது. கத்திரி நீக்கிவிட்டார். சரியாகத்தான் நீக்கியிருக்கிறார்.]

கத்திரி சிவப்புப் பேனாவை எடுத்தார். மரத்தை வெட்டினார். மரத்தின் குணங்களை வெட்டினார். சிலரையும் சிலவற்றையும் சிறியவற்றையும் வெட்டினார். கொத்தனாரைத் தூக்கி முதல் வரியில் உட்கார வைத்தார். தலைப்பு 'பெஞ்சுத் திட்டம்: ஒரு பார்வை' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு எழுதினார்: 'உட்கார்ந்தார். இழந்தார்.'

பிறகு, கீழே 'அமைச்சரின் பதில்' என்று விட்டிருந்த இடத்துக்கு வந்தார். நிறைய எழுதினார். சன்னல்கள் முந்தைய ஆட்சியில் கட்டியவை என்று எழுதினார். வெட்டினார். ஊழியர்கள் எட்டிப் பார்த்திருக்கலாம் என்று எழுதினார். வெட்டினார். வருந்துகிறேன் என்று எழுதி, அதில் யாருக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்து அதையும் வெட்டினார். மிஞ்சியது ஒரே வரி. அதில் ஒரு சொல்லை எடுத்தாலும் நிற்காது:

'பலகையில், அழைக்காவிட்டால் எழுந்து வந்து கேளுங்கள் என்று இருந்ததை வெட்டியது நான்.'

இது ஏனம்மாவுக்குத் தெரியாத விஷயம். இவருக்கும் செயலருக்கும் மட்டும்தான் தெரியும்.

செயலர் அதைப் படித்துவிட்டு, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இது வந்தா இன்னிக்குச் சாயங்காலமே உங்களை எடுத்துடுவாங்க."

"எழுத்து எப்படி இருக்கு?"

"எழுத்து பிரமாதங்கய்யா. அதான் பயமா இருக்கு."

"கொத்தனாருக்கு நாள் நீட்டிச்சுக் கொடுக்க முடியுமா?"

"அது நில அமைச்சர் கையில இருக்கு. நாம கேட்டா செய்யமாட்டாரு. நமக்கு வலிச்சா செய்வாரு. இது பேப்பர்ல வந்துச்சுன்னா, உங்களை அசிங்கப்படுத்தறதுக்காகவே ஓடிப்போய் கடைசி நாளை நீட்டுவாரு. கொத்தனார் தோள்ல கை போட்டு படம்கூட எடுத்துக்குவாரு."

"பழைய செய்தி, மரத்தோட வந்தா?"

"யாருமே படிக்கமாட்டாங்க. நீங்க பத்திரமா இருப்பீங்க. பலகையை சத்தமில்லாம மாத்திடலாம், சன்னலையும் இறக்கிடலாம். பெஞ்சும் தப்பிச்சுடும். கொத்தனாருக்கு மட்டும் ஒண்ணும் கிடைக்காது."

கத்திரி தாளை மடித்துக் கொடுத்தார். "அனுப்புங்க."

9

(இதை நான் ஒட்டுக் கேட்டேன். எழுத்தாளர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.)

"நான் உங்க பதிலைத்தானே கேட்டேன்?" ஏனம்மாவின் குரல் தொலைபேசிக்கு வெளியே வந்து அறையைச் சுற்றியது. "நீங்க என்னடான்னா என் செய்தியைத் திருத்தி அனுப்பியிருக்கீங்க!"

"திருத்தற மாதிரி எழுதினா திருத்தத்தான் செய்வேன். என்னங்க அது, மரம்? மரத்தோட குணம்? பேப்பர் நடத்தறீங்களா, மரக்கடை நடத்தறீங்களா? இத்தனை வருஷம் என் எதிர்ல உக்காந்து என்னத்தைக் கத்துக்கிட்டீங்க?"

"சத்தம் போடாதீங்க."

"கொத்தனாரைப் போய் யாராவது கடைசியில வைப்பாங்களா? ஏங்க, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவரு முதல் வரியில—"

"கத்திரி."

"என்ன?"

"தெரியாமத்தான் கடைசியில வெச்சேன்னு நினைக்கிறீங்களா?"

கத்திரி சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார்.

ஏனம்மா சொன்னார்: "எழுதத் தெரியாம எழுதறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா உங்களுக்கு? காலையிலேருந்து உக்காந்து மோசமா எழுதியிருக்கேன். அந்த மரத்தைப் பத்திக் கண்டுபிடிக்கவே பாதி நாளாச்சு. உள் பக்கத்துல, மூலையில போட்டுடலாம், செய்தியும் வந்த மாதிரி இருக்கும், உங்க தலையும் தப்பிச்ச மாதிரி இருக்கும்னு நினைச்சேன். நீங்க சிவப்பு மையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க."

"எனக்காகவா?"

"இல்ல, மரத்துக்காக."



"கொத்தனாருக்கு?" என்றார் கத்திரி.

"அதைத்தான் நானும் காலையிலேருந்து என்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கேன். பதிலு வரல."

"உங்க பேப்பர். உங்க முடிவு."

"முன்னாடி ஒருநாளும் அப்படி இருந்ததில்லையே?"

"அப்ப இதை நல்ல சந்தர்ப்பமா வெச்சுப் பழிவாங்கிக்கோங்க," என்றார் கத்திரி.

"எதைப் போட்டா அது பழிவாங்கறது? அதைச் சொல்லுங்க முதல்ல."

கத்திரி தொலைபேசியை வைத்த கையோடு மனைவிக்குப் பேசினார். நடந்ததை எல்லாம் சொன்னார். மனைவி கடையில் யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க," என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீங்க மந்திரியானதுலேருந்து வீட்ல நான் நெனச்சதை நெனச்ச மாதிரி பேசிக்கிட்டு இருக்கேன். முந்தாநாள் ஒரு வாக்கியம் பேசினேன், அதுல மூணு 'ரொம்ப' இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? பதவி போச்சுன்னு நேரா வீட்டுக்கு வந்து உக்காந்துடாதீங்க."

"எங்க போறது?"

"பேப்பருக்குப் போங்க. அந்தம்மாவுக்குக் கீழ."

"கீழயா?"

"ரொம்ப ரொம்பக் கீழ."

10

முடிவு அ. ஏனம்மா மரத்தைப் போடுகிறார். உள் பக்கம், மூலை. ஒருவரும் படிக்கவில்லை. பலகைக்கு மூன்றாவது வாக்கியம் திரும்பி வருகிறது. சன்னல்கள் இறங்குகின்றன. ஊரெல்லாம் மக்கள் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கத்திரி அமைச்சராகவே இருக்கிறார். கொத்தனார் மடங்காத காலோடு எங்கோ வாடகை வீட்டில், பெஞ்சு நல்லா இருந்துச்சு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதை எழுதியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவு ஆ. ஏனம்மா கத்திரியின் வடிவத்தைப் போடுகிறார். முதல் பக்கம். நில அமைச்சர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கடைசி நாளை நீட்டுகிறார். கொத்தனார் பெயர் பதிவாகிறது. கத்திரி போகிறார். அவரோடு பெஞ்சுகளும் போகின்றன. புதிதாக வரும் அமைச்சருக்கு அவற்றைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறதாம். மக்கள் மறுபடி நிற்கிறார்கள், முழங்கால் மடங்காதவர்கள் உட்பட.

இதுவும் இறங்கவில்லை.

முடிவு இ. பனி பெய்யத் தொடங்குகிறது. பலகைகளின் மேல், பெஞ்சுகளின் மேல், மூடிய சன்னல்களின் மேல், நல்லவர்கள் மேலும் நில அமைச்சர் மேலும் ஒரேபோல— 

[கத்திரி இதைப் படிக்கவே மறுத்துவிட்டார்.]

கொத்தனாருக்கும் மனை கிடைத்து, பெஞ்சும் பிழைத்து, கத்திரியும் தப்பிக்கும் ஒரு முடிவைத் தேடிப் பார்த்தேன். கதை என்னுடையதுதானே, நான் வைத்தால் வைத்ததுதானே? வைத்தேன். ஏனம்மா ஓரத்தில் பச்சை மையில் 'ஏன்?' என்று எழுதிவிட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லவர்கள் என்பதால் என்று எழுதினேன். அதை அவர் அடித்துவிட்டார்.

ஆகவே கீழ்த்தளத்துக்கு வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து.

இங்கே வெளிச்சம் உண்டு, பிற்பகல்தான். இயந்திரம் சூடேறி உறுமிக்கொண்டிருக்கிறது. தாள் உருளை ஏற்றியாகிவிட்டது. வெளியே பத்திரிகை வண்டிகள் வந்து நின்றுவிட்டன. ஏனம்மா மேசையருகில் நிற்கிறார். அவருக்கு முன்னால் இரண்டு பக்கங்கள். ஒன்றில் மரம் இருக்கிறது. ஒன்றில் கொத்தனார் இருக்கிறார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மாட்டுகிறார். மறுபடி கழற்றுகிறார்.

"அம்மா, எது போகுது?" என்கிறார் மெஷின்காரர்.

ஏனம்மா கண்ணாடியை இன்னொரு தடவை துடைக்கிறார்.

மெஷின்காரருக்குப் பொறுமை கிடையாது. நான் அப்படித்தான் அவரைப் படைத்தேன். இப்போது வருத்தமாக இருக்கிறது. அவர் ஏனம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் செருப்பைப் பார்க்கிறேன். பிறகு அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கையை நீட்டுகிறார்.

"உங்களைத்தாங்க," என்கிறார் உங்களிடம். "வந்ததுலேருந்து படிச்சுக்கிட்டே நிக்கறீங்க. ரெண்டும் படிச்சாச்சுல்ல? ஒண்ணை எடுத்துக் குடுங்க."